காட்பாடியில் ரயிலேறிக் கண்காட்சி பார்க்கப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சத்துவாச்சாரியில் இருக்கும் ஓவியர். ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கத்து ஷூ கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் தோல் துண்டுகளைத் தைத்தும் ஒட்டியும் பெரிய படங்கள் செய்கிறேன், மற்ற நேரத்தில் பிள்ளைகளுக்கு டிராயிங் சொல்லித் தருகிறேன். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் எங்கேயாவது ஒரு கண்காட்சிக்குக் கிளம்பிவிடுவேன். திரும்பி வந்தால் மாணவர்கள், அவர்களுடைய அம்மா அப்பா, ஆர்க்கிடெக்சர் படிக்கிற பசங்கள், எதிர்வீட்டு அக்கா என்று எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதிலெல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

எல்லாப் படமும் போனிலேயே வந்துவிடுகிறது. எதற்காக இவ்வளவு தூரம் அலைய வேண்டும்?

போனில் வருவது படம் மட்டும்தான். அதன் அளவு, வாடை, அறையின் ஈரம், உங்கள் காலடிச் சத்தம் எதுவும் வராது. இதற்கு நான் எப்போதும் சொல்வது ஒரே ஓர் அறையைப் பற்றித்தான். கொச்சி பினாலேயின் 2016 பதிப்பில் (பினாலே என்றால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரிய கலைக் கண்காட்சி) சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிதா 'வலியின் கடல்' என்று ஒன்று செய்திருந்தார். ஆஸ்பின்வால் ஹவுஸில் நீளமான ஒரு கிடங்கு, தரை முழுக்கக் கடல் தண்ணீர். செருப்பைக் கழற்றிவிட்டு, துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தத் தண்ணீருக்குள் நடந்துதான் எதிர்ச்சுவருக்குப் போக முடியும். பக்கச் சுவர்களில் 'என்னைப் பார்க்கவில்லையா, கேட்கவில்லையா' என்கிற மாதிரிக் கேள்விகள். எதிர்ச்சுவரில் ஒரு சின்னக் கவிதை. 2015-ல் அகதிப் படகு கவிழ்ந்து துருக்கிக் கரையில் ஒதுங்கிய ஆலன் குர்தி என்கிற குழந்தையின் போட்டோவை உலகமே பார்த்தது, ஆனால் அதே படகில் இறந்துபோன அவனுடைய அண்ணன் காலிப்பை யாரும் பார்க்கவில்லை. அந்த அண்ணனுக்காக எழுதிய கவிதை அது.

அதை வாசிக்கத் தண்ணீருக்குள் நின்றாக வேண்டும், வாசித்து முடித்ததும் அதே தண்ணீர் வழியாகத் திரும்பி நடக்க வேண்டும். கால் சில்லிட்டுப் போயிருக்கும், உங்களுக்கு முன்னால் போகிறவர் கிளப்பிய அலை உங்கள் முழங்காலில் வந்து இடிக்கும், யாரும் பேச மாட்டார்கள். இதை எந்த வீடியோவில் எனக்குக் காட்டுவீர்கள்?

சரி, முதலில் எங்கே போவது?

கோட்டைக்கு. கேலி செய்யவில்லை, உண்மையாகவே நம்ம வேலூர்க் கோட்டைக்குத்தான்.

ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரத்தைத் தாண்டியதும் இடது கைப்பக்கம் கல்யாண மண்டபம் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டு வேலை. நம்மில் பாதிப் பேர் சாமி கும்பிட்டுவிட்டு அதைக் கடந்து நேராக வெளியே வந்துவிடுகிறோம். ஒருநாள் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போய் வெளிவரிசைத் தூண்களுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். முன்னங்கால் தூக்கி நிற்கும் குதிரையும் யாளியும், மேலே வீரன், கீழே இன்னும் சின்னச் சின்ன உருவங்கள், எல்லாம் ஒரே கல்லில். குதிரையின் வயிற்றுக்கும் தூணுக்கும் நடுவே கையை நுழைத்துப் பார்க்கலாம்போல இடைவெளி விட்டுக் குடைந்திருக்கிறார்கள். யாருடைய கண்ணும் சுலபமாகப் போகாத அந்த இடத்திலும் உளி முழுசாக வேலை செய்திருக்கிறது. மேலே பார்த்தால் கூரையில் தாமரையைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்கும். வெயில் சாய்ந்து உள்ளே வரும்போது ஒவ்வொரு உருவமும் பின்னால் இருக்கும் தூணில் நிழலாக இன்னொரு தடவை விழும். சிற்பி இந்த நிழலையும் நினைத்துத்தான் செதுக்கினார் என்பது என் எண்ணம்.

வெள்ளைக்காரர்கள் இந்த மண்டபத்தைப் பிரித்து லண்டனுக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள், ஏதோ காரணத்தால் நின்றுபோனது என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். ஆயுதக் கிடங்காக இந்தக் கோயில் கிடந்தது கதையில்லை, நடந்தது. 1981-ல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் திரும்பப் பூஜை தொடங்கியது.

இதைப் பார்த்துப் பழகிய கண்ணோடு வெளியூர்க் கண்காட்சிக்குப் போங்கள். ஒரு பொருள் எந்த இடத்தில் நிற்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எத்தனை அடி தள்ளி நின்று பார்க்க வைக்கிறார்கள் என்று நீங்களே கேட்டுக்கொள்வீர்கள். நான் போகிற எல்லா ஊரிலும் செய்வது அவ்வளவுதான், படைப்பையும் அது நிற்கிற கட்டடத்தையும் சேர்த்தே பார்ப்பது. கீழே வரும் பதில்களில் பாதி இதைச் சுற்றித்தான் வரும்.

சென்னைக்கு ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா?

முடியும். காலை ரயிலில் போனால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வெண்கலக் காட்சிக்கூடத்தை நிதானமாகப் பார்க்கலாம் (வெள்ளிக்கிழமை விடுமுறை, பலர் அங்கே போய் நின்றுவிட்டுத் திரும்புகிறார்கள்). அரக்கோணம் பக்கத்துத் திருவாலங்காட்டிலிருந்து போன நடராசர் அங்கேதான் இருக்கிறார். கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதமி, அங்கே அனேகமாக எப்போதும் ஏதாவது ஓவியக் கண்காட்சி ஓடும்.

நேரம் இருந்தால் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து தொடங்கிய கலைஞர்கள் கிராமம். பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் விற்ற காசில் நிலம் வாங்கினார்கள். ஓவியம் விற்றுத்தான் சாப்பிட வேண்டும் என்கிற கட்டாயம் வந்தால் ஓவியம் கெட்டுவிடும், அதனால் சோற்றுக்குக் கைவேலை, மனசுக்கு ஓவியம் என்று பிரித்துக்கொண்டார்கள். வரைகிற பிள்ளையை 'இதை வைத்து எப்படிப் பிழைப்பாய்' என்று கேட்கும் பெற்றோரை நான் முதலில் கூட்டிக்கொண்டு போவது அங்கேதான்.

அதற்கும் தெற்கே முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ரா (செவ்வாய் விடுமுறை). அதைப் பற்றிக் கட்டடக்கலைக் கேள்வியில் சொல்கிறேன்.

பெங்களூரு?

காட்பாடியிலிருந்து பிருந்தாவன் அல்லது லால்பாக் எக்ஸ்பிரஸ். அரண்மனைச் சாலையில் மாணிக்கவேலு மாளிகையில் 2009-ல் திறந்த தேசிய நவீனக் கலைக்கூடம், கஸ்தூர்பா சாலையில் 2023-ல் திறந்த கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம். இரண்டாவதின் வெளிச்சுவரில் அச்சழுத்திய எஃகுத் தகடுகள், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைவுபடுத்தும்படி வேண்டுமென்றே அப்படிச் செய்தது. இரண்டும் திங்கள் விடுமுறை.

கொச்சி பினாலேக்கு எப்படிப் போவது, எத்தனை நாள் வேண்டும்?

இரவு ரயில். திருவனந்தபுரம் மெயிலோ ஆலப்புழை எக்ஸ்பிரஸோ காட்பாடியில் ஏறினால் காலையில் எர்ணாகுளம். அங்கிருந்து படகில் ஃபோர்ட் கொச்சி. பஸ்ஸிலும் போகலாம், ஆனால் படகில் போனால்தான் அந்த ஊர் எதற்காக அங்கே இருக்கிறது என்று புரியும். மிளகு ஏற்றின கிடங்குகள் எல்லாம் தண்ணீரைப் பார்த்து நிற்கின்றன.

குறைந்தது இரண்டு முழு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் ஆஸ்பின்வால் ஹவுஸ் மட்டும் போதும். பெப்பர் ஹவுஸ், மட்டாஞ்சேரி, மாணவர் பினாலே எல்லாம் அடுத்த நாள். மாணவர் பினாலேயைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், இந்தியா முழுக்க இருக்கும் கலைக் கல்லூரிப் பிள்ளைகள் செய்தது, எனக்குப் பல தடவை பெரிய பெயர்களைவிட அதுதான் பிடித்திருக்கிறது.

பினாலே 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கியது. போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் ஆரம்பித்தது. முழுப் பெயர் கொச்சி-முசிறிஸ் பினாலே. பெயரில் இருக்கும் முசிறி, சங்கப் பாட்டில் யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு போகும் அதே முசிறி. அந்த முதல் தடவையில் விவான் சுந்தரம், முசிறி இருந்ததாகக் கருதப்படும் பட்டணம் என்கிற கேரளத்து ஊரின் அகழாய்வில் ஒதுக்கிப்போட்ட பானை ஓடுகளை அடுக்கி, தரையில் ஒரு நகரத்தையே விரித்திருந்தார். பாலாற்றங்கரையில் மழைக்குப் பிறகு ஓடு பொறுக்கி விளையாடியவர்களுக்கு அது யாரும் விளக்கத் தேவையில்லாத படைப்பு.

ஆறாவது பதிப்பு 2025 டிசம்பர் 12-ல் தொடங்கி 2026 மார்ச் 31 வரை. பொதுவாக ஒரு யோசனை: தொடக்க நாள் அன்றே போகாதீர்கள், ஜனவரி நடுவில் போங்கள். இவ்வளவு பெரிய வேலையில் கடைசி நேரம் வரை ஆணி அடித்துக்கொண்டுதான் இருப்பார்கள். 2022-ல் திறப்பே டிசம்பர் 23-க்குத் தள்ளிப்போனது.

எனக்கு நவீனக் கலை புரியாது. போய் என்ன செய்வேன்?

வடாற்காட்டில் பிறந்துவிட்டு இதைச் சொல்லக் கூடாது. செய்யாறு பக்கம் புரிசையில் ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கும் தெருக்கூத்து விடியும்வரை நடக்கும். நடுவில் தூங்குவோம், எழுந்து டீ குடிப்போம், கட்டியங்காரன் ஏதாவது சொன்னால் சிரிப்போம், திரும்ப உட்காருவோம். ஒவ்வொரு வசனமும் புரிந்தா பார்த்தோம்? கட்டை (மரத்தில் செய்த கூத்து அணிகள்) கட்டிக்கொண்டு ஆள் சுழலும்போது மண் எழும்புவதைப் பார்த்தோம், அது போதுமாக இருந்தது. நிகில் சோப்ரா என்கிற கலைஞர் (மேலே சொன்ன ஆறாவது பதிப்பின் பொறுப்பாளர்கள் அவரும் அவருடைய கோவா குழுவும்தான்) 2014-ல் ஆஸ்பின்வால் ஹவுஸின் ஓர் அறைக்குள் வேஷம் கட்டிக்கொண்டு, சுவரில் வரைந்துகொண்டே இரண்டு நாளுக்கு மேல் இருந்தார். மாநகரத்திலிருந்து வந்தவர்கள் இதை எப்படிப் பார்ப்பது என்று தயங்கி நின்றார்கள். நமக்கு அந்தத் தயக்கம் தேவையே இல்லை. உட்கார வேண்டியதுதான்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் நுழைந்ததும் பக்கத்தில் ஒட்டியிருக்கும் விளக்கத்தை வாசிக்க மாட்டேன். முதலில் அறையை ஒரு சுற்று. ஜன்னல் எங்கே, தரை என்ன, காற்று வருகிறதா. அப்புறம் படைப்பு எதனால் செய்தது என்று மட்டும் பார்ப்பேன்: இது துணியா, மெழுகா, தகரமா, எங்கே இணைத்திருக்கிறார்கள், கனம் எங்கே இறங்குகிறது. தையல் வேலை, கொத்து வேலை, சமையல் எது தெரிந்தவராக இருந்தாலும் இதை என்னைவிட நன்றாகவே பார்ப்பார்கள். கடைசியில்தான் விளக்கம். விளக்கத்தைப் படித்த பிறகும் ஒன்றும் தோன்றவில்லை என்றால் அடுத்த அறைக்குப் போய்விடுவேன், எல்லாப் படைப்பும் நல்ல படைப்பு இல்லை, பெரிய இடத்தில் வைத்திருப்பதாலேயே நாம் தலையாட்ட வேண்டியதில்லை.

கட்டடக்கலைக் கண்காட்சி என்றால் கட்டடத்தை எப்படிக் கொண்டுவந்து வைப்பார்கள்?

இதைத்தான் ஆர்க்கிடெக்சர் பசங்கள் நிறையக் கேட்கிறார்கள், எனக்கும் மிகப் பிடித்த கேள்வி. பெரும்பாலும் மாடல், வரைபடம், போட்டோ, வீடியோ. இதில் பாதி சலிப்பாகத்தான் இருக்கும், ஒளிக்காமல் சொல்கிறேன். சுவர் முழுக்கச் சின்ன எழுத்து, நின்று படித்தே கால் வலிக்கும்.

ஆனால் சிலர் கட்டியே காட்டுகிறார்கள். இத்தாலியில் வெனிஸில் கலை பினாலே 1895-லேயே வந்துவிட்டது, கட்டடக்கலைக்குத் தனியாக 1980-ல்தான் முதல் பினாலே. அதில் ஆர்செனாலே என்கிற பழைய கப்பல் கட்டும் தளத்தின் கயிறு திரிக்கும் கூடத்துக்குள் 20 கட்டடக்கலைஞர்கள் ஆளுக்கு ஒரு வீட்டு முகப்பைக் கட்டி ஒரு தெருவையே உண்டாக்கினார்கள். கட்டிக் கொடுத்தவர்கள் ரோம் நகரத்து சினிமா செட் தொழிலாளர்கள். அதற்குப் பிறகு வந்ததில் என் மனதுக்கு நெருக்கமானது 2012-ல் அனுபமா குண்டு செய்தது. ஆரோவில்லில் அவர் தனக்காகக் கட்டிக்கொண்ட 'வால் ஹவுஸ்' என்கிற வீட்டை, அதே அளவில், வெனிஸில் ஆர்செனாலேக்குள் மறுபடி கட்டினார். இங்கிருந்து போன கைவேலைக்காரர்களும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மாணவர்களும் சேர்ந்து கட்டினார்கள். மூல வீடு அச்சுக்கல் என்கிற சன்னமான நாட்டுச் செங்கல்லால் ஆனது, நம்ம பக்கத்துப் பழைய வீடுகளில் பூச்சு உதிர்ந்த இடத்தில் தெரியுமே, அந்தக் கல். கல் மெல்லிசாக இருந்தால் சுவரில் வரிகள் கூடும், வரி கூடினால் கொத்தனாரின் கை ஒழுங்கு வெளியே தெரிந்துவிடும், ஒளிக்க முடியாது. படித்த மாணவர்கள் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டது நம்ம ஊர்க் கைவேலைக்காரர்களிடம். இதைவிடப் பெரிய கண்காட்சி என்ன வேண்டும்?

2016-ல் அதே இடத்தில் சிலி நாட்டு அலெஹாந்த்ரோ அரவேனா பொறுப்பில் இருந்தபோது, முந்தைய பினாலே முடிந்து குப்பைக்குப் போகவிருந்த ஜிப்சம் பலகைகளையும் உலோகச் சட்டங்களையும், சுமார் 100 டன், வைத்தே நுழைவு அறைகளை அமைத்தார். மேலே தொங்கும் ஆயிரக்கணக்கான நெளிந்த கம்பிகள், சுவரில் அடுக்கிய உடைந்த பலகை. மிச்சத் தோலில் வேலை செய்கிற எனக்கு அதைப் படத்தில் பார்த்தபோதே கை பரபரத்தது.

வெனிஸ் தூரம் என்றால் முட்டுக்காடு போங்கள். தக்ஷிணசித்ராவில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரத்துப் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள், திண்ணையில் உட்காரலாம், முற்றத்தில் நின்று மழை பார்க்கலாம். 1996-ல் திறந்தது, வளாகத்தை வடிவமைத்தவர் லாரி பேக்கர். பாண்டிச்சேரியில் கோல்கொண்டே விடுதி இருக்கிறது, அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து இரண்டாம் உலகப்போர் சமயத்தில் கட்டி முடித்தது. சுவருக்குப் பதில் திருப்பி மூடும் கான்கிரீட் பலகைகள், ஏசி இல்லாமலே காற்று ஓடும். முன்னாலேயே அனுமதி கேட்டுவிட்டுப் போக வேண்டும். நம்ம வெயிலுக்கு வீடு கட்டுகிற ஒவ்வொருவரும் ஒருதடவை உள்ளே நின்று பார்க்க வேண்டிய கட்டடம்.

வெனிஸுக்கெல்லாம் நம்மால் போக முடியுமா? செலவு, விசா?

முடியும், ஆனால் நீண்ட சேமிப்பு வேண்டும், அதை மறைக்க மாட்டேன். இத்தாலி உட்பட ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்துத் தரும் ஷெங்கன் விசாவின் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. பயண இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாள் வரை இழுக்கக் கூடாது. சென்னையிலேயே விண்ணப்ப மையம் இருக்கிறது. ஓவியர்களுக்குச் சம்பளச் சீட்டு இருக்காது, அதனால் வருமான வரிக் கணக்கை ஒழுங்காகத் தாக்கல் செய்து வையுங்கள், படம் விற்ற பில்களையும் பத்திரப்படுத்துங்கள். இதை இப்போதே ஆரம்பியுங்கள், போகும் வருஷம் ஆரம்பித்தால் காலம் கடந்துவிடும்.

தங்குவதற்குத் தீவுக்குள் போகாமல் மெஸ்த்ரேயில் அறை எடுங்கள், ரயிலிலோ பஸ்ஸிலோ கொஞ்ச நேரத்தில் வெனிஸ். பொதுவான டிக்கெட்டில் ஜார்டினிக்கு (பல நாடுகளின் அரங்குகள் நிற்கும் தோட்டம்) ஒரு தடவை, ஆர்செனாலேக்கு ஒரு தடவை, வெவ்வேறு நாளில் போகலாம். திங்கள்கிழமை அனேகமாக மூடியிருக்கும். ஊருக்குள் பழைய மாளிகைகளில் நடக்கும் பல நாடுகளின் அரங்குகளுக்குக் கட்டணமே இல்லை, பணம் குறைவாக இருந்தால் ஒரு நாளை முழுசாக அதற்கே கொடுக்கலாம். எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க நினைக்காதீர்கள், கல்யாணப் பந்தியில் இலையில் விழுந்ததையெல்லாம் சாப்பிட்டவருக்குப் பாயசம் இறங்காத கதைதான் ஆகும். கொரோனாவுக்குப் பிறகு முறை மாறி, இப்போது இரட்டைப்படை வருஷம் கலை, ஒற்றைப்படை வருஷம் கட்டடக்கலை.

அங்கே நம்ம ஆட்களின் படைப்பைப் பார்க்க முடியுமா?

ஜார்டினியில் இந்தியாவுக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. ஆனாலும் 2019-ல் ஆர்செனாலேயில் காந்தி 150-ஐ ஒட்டி ஓர் இந்திய அரங்கு இருந்தது. 1938-ல் ஹரிபுரா காங்கிரசுக்காக நந்தலால் போஸ் வரைந்த போஸ்டர்கள் அங்கே போயின, கிராமத்து மக்கள் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருப்பது மட்டும்தான் அந்தப் படங்களில். ஜி.ஆர். இரண்ணா நூற்றுக்கணக்கான மரப் பாதுகைகளைச் சுவரில் ஏற்றியிருந்தார், ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு தொழிலின் பொருள் கட்டியிருந்தது. ஆம்பூர்க்காரருக்குச் செருப்பைப் பார்த்தால் அது யாருடைய கையில் உருவானது என்றுதான் முதலில் தோன்றும், எனக்கும் அப்படித்தான்.

வெனிஸை விட்டுவிட்டு, நம்ம பழைய வடாற்காட்டைச் சேர்ந்த ஒருவரைச் சொல்ல வேண்டும் என்றால் திருவண்ணாமலையில் பிறந்த பெனிதா பெர்சியாள். சாம்பிராணி, மூலிகை, வாசனைச் சரக்குகள் சேர்த்துப் பிசைந்து உருவங்கள் செய்பவர். 2014 கொச்சி பினாலேயில் இயேசுவும் சீடர்களும் அந்தக் கலவையில் நின்றார்கள். பார்ப்பதற்கு முன்னால் வாசனைதான் வந்து சேர்ந்தது, கோயிலா சர்ச்சா தர்காவா என்று மூக்கால் பிரிக்க முடியாத வாசனை.

இன்னொருவர் யாழ்ப்பாணத்து தா. சனாதனன். இவருடைய 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்கிற புத்தகம் (தோம்பு என்றால் நிலப் பதிவேடு) கலையா கட்டடக்கலையா என்று கேட்டால் இரண்டும்தான். போரில் வீட்டை விட்டு வந்தவர்களிடம், இழந்த வீட்டை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அடுப்பங்கரை இங்கே, கிணறு இங்கே, மாமரம் இங்கே என்று கை நடுங்க அவர்கள் போட்ட கோடுகள் ஒரு பக்கம். அதை வைத்துக் கட்டடக்கலைஞர் போட்ட சுத்தமான வரைபடம் ஒரு பக்கம். சனாதனனின் ஓவியம் ஒரு பக்கம். சர்க்கார் பதிவேட்டில் இல்லாமல் போன வீடுகளுக்கு இது பதிவேடு. ஆர்க்கிடெக்சர் படிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இதைக் காட்ட வேண்டும் என்று நான் கேட்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெண் தனியாகப் போகலாமா?

நான் போகிறேன். கொச்சி, பெங்களூரு எதிலும் கண்காட்சி வளாகத்துக்குள் தொந்தரவு வந்ததில்லை. கவனம் தேவைப்படுவது போகும் வழியில்தான்: ரயில் நேரம் விடிகாலை மூன்று மணி என்றால் ஸ்டேஷன் காத்திருப்பறையிலேயே விடியும்வரை இருங்கள், தங்கும் இடத்தைப் புறப்படுவதற்கு முன்பே பேசி முடியுங்கள். முதல் தடவைக்குத் தோழி யாராவது கூட வந்தால் நல்லது, ஆனால் உள்ளே போனதும் பிரிந்து தனித்தனியாகப் பாருங்கள்.

போட்டோ எடுக்கலாமா?

பல இடத்தில் விடுவார்கள். கடைசியில் எடுங்கள். அதற்கு முன்னால் ஒரு சின்ன நோட்டில் அறையின் வரைபடத்தைப் போட்டு, எத்தனை அடி நீளம் என்று நடந்து அளந்து எழுதுங்கள். வருஷங்கள் கழித்தும் எனக்கு அறைகள் நினைவிருப்பது அந்த நோட்டுகளால்தான்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

கட்டாயம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

வேலூரில் இப்படி ஒன்று நடக்குமா?

நடக்க வேண்டும் என்பது என் ஆசை, அதற்கான காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கண்காட்சிகள் எங்கே நடக்கின்றன என்று பாருங்கள். ஆஸ்பின்வால் ஹவுஸ், கப்பலில் சரக்கு ஏற்றிய கம்பெனியின் கிடங்கு. வெனிஸ் ஆர்செனாலே கப்பல் கட்டும் தளம், அதன் கயிற்றுக்கூடம் 300 மீட்டருக்கு மேல் நீளம், கயிறு திரிக்க அவ்வளவு நீளம் தேவைப்பட்டது. லண்டன் டேட் மாடர்ன் ஒரு பழைய மின் நிலையம், 2000-ல் கலைக்கூடமாகத் திறந்தது, டர்பைன்கள் நின்ற கூடத்தில் இன்று படைப்புகள் நிற்கின்றன, அங்கே 2023-ல் கானா நாட்டு எல் அனாட்சுய் பாட்டில் மூடிகளைத் தட்டி, கம்பியால் கோத்து, கூரையிலிருந்து பெரிய திரைகளாகத் தொங்கவிட்டார். வேலை நின்றுபோன கட்டடங்களில்தான் கலை குடியேறியிருக்கிறது.

நம்மிடம் அப்படிப்பட்ட கட்டடங்களுக்குக் குறைவா? ராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் மூடிக் கிடக்கும் பழைய டேனரிகளை (தோல் பதனிடும் ஆலைகளை) உள்ளே போய்ப் பார்த்திருக்கிறேன். மேல்மாடியில் தோல் காயப்போடுவதற்காகச் சுற்றிலும் மரச்சட்டம் அடித்த திறப்புகள், காற்று குறுக்கே ஓடும், வெளிச்சம் பட்டை பட்டையாகத் தரையில் விழும். கீழே ஊறப்போடும் குழிகள் வரிசையாக. ஆவாரம்பட்டையின் வாடை சுவரை விட்டு இன்னும் போகவில்லை. தோலில் செய்த ஒரு படைப்பை அங்கே மாட்டினால் விளக்கச் சீட்டே வேண்டாம்.

அங்கே கலை காட்டுகிறவர்கள் பாலாற்றைப் பற்றிப் பேசாமலும் இருக்க முடியாது. டேனரிக் கழிவு ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்த வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இந்தியா முழுக்க இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு நம்ம மாவட்டத்து மக்கள் போட்ட வழக்கிலிருந்து வந்தது. அந்த வேலையில் சம்பாதித்த குடும்பமும் கிணறு கெட்டுப்போன குடும்பமும் ஒரே தெருவில் இருக்கின்றன, சில வீட்டில் இரண்டும் ஒரே குடும்பம். இதைச் சொல்லத் தெரிந்த ஓவியர்களும் கூத்துக்காரர்களும் கொத்தனார்களும் இங்கேயே இருக்கிறார்கள். கூரை உறுதியாக உள்ள ஒரு பழைய டேனரியைச் சில வாரங்களுக்குத் திறந்துவிட மனம் உள்ள உரிமையாளர் யாராவது இருந்தால் பேச வாருங்கள். சுத்தம் செய்வது, மின்சாரம், காவல் எல்லாவற்றையும் நானும் என் மாணவர்களும் பொறுப்பெடுத்துக்கொள்கிறோம்.

அடுத்து எங்கே போகிறீர்கள்?

ஜெர்மனியில் காசல் நகரம். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை 100 நாள் நடக்கும் டாக்குமெண்டா, 1955-ல் குண்டு விழுந்து பாழாய்க் கிடந்த அருங்காட்சியகக் கட்டடத்தில் தொடங்கியது. பதினாறாவது பதிப்பு 2027 ஜூன் 12 முதல் செப்டம்பர் 19 வரை.

கண்காட்சியோடு நான் பார்க்க நினைப்பது மரங்களை. 1982-ல் யோசப் பாய்ஸ் என்கிற ஜெர்மன் கலைஞர் அந்த அருங்காட்சியகத்தின் முன்னால் 7,000 பசால்ட் கற்களைக் குவித்தார். ஊருக்குள் ஒரு மரம் நட்டால்தான் ஒரு கல்லை எடுத்து அதன் பக்கத்தில் நடலாம், 500 மார்க் கொடுத்து யாரும் ஒரு மரத்துக்குப் பொறுப்பேற்கலாம். குவியல் கரைய ஐந்து வருஷம் ஆனது. பாய்ஸ் 1986-ல் இறந்துபோனார், கடைசி மரத்தை 1987-ல் அவருடைய மகன் நட்டார். டிக்கெட் இல்லாமல், எந்த வருஷம் போனாலும் பார்க்கக் கிடைக்கும் படைப்பு. மரம் வளர்கிறது, கல் அப்படியே நிற்கிறது, நட்டபோது கல்லைவிட அவ்வளவு பெரிதாக இல்லாத கன்றுகள் இப்போது தெருவையே மூடுகின்றனவாம்.

கூட வர நினைக்கிறவர்கள் பாஸ்போர்ட்டை இந்த வருஷமே எடுத்துவிடுங்கள். ஜூன் பயணத்துக்கு 2026 டிசம்பரிலேயே விசா விண்ணப்பம் திறந்துவிடும். நான்கைந்து பேர் சேர்ந்தால் சமையலறை உள்ள வீடாக எடுத்துத் தங்கலாம், அரிசியும் பருப்பும் புளிக்காய்ச்சலும் நான் கொண்டுவருகிறேன்.